ஏசிக்குள் ஒரு 'பக்': மின்கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

"கம்ப்யூட்டர் அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. வைரஸாக இருக்குமா?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். போன சித்திரையில் என் சித்தப்பாவும் போன் போட்டு இதையேதான் கேட்டார். உசிலம்பட்டியில் தேனி ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் அவர் சிறிய கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறார். பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். யு.பி.எஸ். பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. அதை மாற்றாமல் நேரடி மின்சாரத்திலேயே ஓட்டிக் கொண்டிருந்தார்.

போனை வைக்கப் போகும் நேரத்தில் இன்னொன்றும் சொன்னார். "ஏசியும் போச்சுப்பா. மெக்கானிக் பாத்துட்டு கம்ப்ரசர் எரிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாரு. முப்பத்தஞ்சாயிரம் ஆகுமாம். அது கெடக்கட்டும், நீ இந்த வைரஸ பாரு."

சாப்ட்வேர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கோளாறுகள் ஒரே நாளில் ஆரம்பித்தால், அவை தனித்தனிக் கோளாறுகள் என்று உடனே ஒத்துக்கொள்ள மாட்டோம். "எப்ப இருந்து ரீஸ்டார்ட் ஆகுது சித்தப்பா?" என்றேன். "திங்கக்கிழமையில இருந்து." "ஏசி எப்ப நின்னுச்சு?" சற்று யோசித்தார். "அதுவும் திங்கக்கிழமைதான்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அங்கே பார்த்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஏசிக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரமும் ஏசிக்குப் போகும் மின்சாரமும் ஒரே மீட்டரில் இருந்துதான் வருகின்றன. ஒன்றுக்கு வரும் காய்ச்சல் மற்றதில் தெரியும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் படித்தது இன்ஜினியரிங்தான், ஆனால் எலக்ட்ரீசியன் இல்லை. மூன்று ஃபேஸ் ஏசியின் மூடியைத் திறந்தது நான் அல்ல. வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கும் எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன்தான் திறந்தார், அவரேதான் அளந்தார். பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக் கொண்டது மட்டுமே என் வேலை. நீங்களும் அந்த அளவோடு நின்று கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சித்தப்பாவின் மையத்தில் இருப்பது கூரையில் பொருத்தும் 3 டன் கேசட் ஏசி. கடைகளிலும் அலுவலகங்களிலும் நாலு பக்கமும் காற்று வீசும்படி சதுரமாக இருக்குமே, அதுதான். (ஏசியே மனிதருக்காக வந்ததல்ல. 1902-ல் வில்லிஸ் கேரியர் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத்தான் முதலில் வடிவமைத்தார். ஈரக் காற்றில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ண அச்சு ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் போனது. பத்திரிகை படிப்பவர்கள் கேரியருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.)

உள்ளே இருக்கும் யூனிட்டில் ஒரு ஃபேனும், ரிமோட் சொல்வதைக் கேட்கும் ஒரு சர்க்யூட் போர்டும் உண்டு. மொட்டை மாடியில் இருக்கும் வெளி யூனிட்டில்தான் கனமான வேலை நடக்கிறது. அங்கே கம்ப்ரசர், அதைக் குளிர்விக்கும் ஃபேன், அந்த ஃபேனுக்கு ஒரு கெபாசிட்டர், இவற்றோடு 'கான்டாக்டர்' என்ற ஒரு பெரிய ரிலே.

இந்தக் கான்டாக்டரை மட்டும் நன்றாகப் புரிந்து கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் போர்டு "குளிர்ச்சி வேண்டும்" என்று முடிவு செய்தால், கான்டாக்டரின் காயிலுக்கு 230 வோல்ட் கொடுக்கிறது. காயில் காந்தமாகி ஒரு இரும்புத் துண்டை இழுக்கிறது. 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த இழுப்பில் மூன்று ஜோடி வெள்ளி முனைகள் ஒட்டிக் கொள்கின்றன. மூன்று ஃபேஸ்களும் அந்த முனைகள் வழியாகத்தான் கம்ப்ரசருக்குப் போகின்றன. சிறிய மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கதவு என்று வைத்துக் கொள்ளலாம். கதவு திறந்தது என்று சத்தத்தை வைத்து நம்பி விடுகிறோம். மூன்று கதவும் திறந்ததா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இவை தவிர சில காவலர்களும் உண்டு. வாயு அழுத்தம் எல்லை மீறினால் நிறுத்தும் சுவிட்சுகள், ஃபேஸ் ஒன்று வராவிட்டாலோ வரிசை மாறினாலோ நிறுத்தும் ஃபேஸ் ரிலே, கம்ப்ரசர் சூடானால் துண்டிக்கும் ஓவர்லோட். கம்ப்ரசர் ஓடவில்லை என்றால் இந்தக் காவலர்களில் யாரோ ஒருவர் சரியாக வேலை செய்கிறார் என்றும் அர்த்தமாகலாம்.

கம்ப்யூட்டர்களே சாட்சி

ஏசியை ஆன் செய்யச் சொன்னேன். உள்ளே ஃபேன் ஓடியது, குளிர் இல்லை. மாடிக்குப் போய் நின்றோம். மூன்று நிமிடம் கழித்து 'டக்' என்று கான்டாக்டர் இழுத்தது. ஃபேன் சுற்றியது. கம்ப்ரசர் "உம்ம்ம்..." என்று முனகியது. சில விநாடிகளில் முனகல் நின்றது. ஃபேன் மட்டும் சுற்றிக் கொண்டே இருந்தது.

கீழே இருந்து சித்தப்பா கத்தினார். "இந்தா, ரீஸ்டார்ட் ஆகுது பாரு!"

ஓடி வந்து பார்த்தால், பன்னிரண்டில் நான்கு மட்டுமே ரீஸ்டார்ட் ஆகியிருந்தன. நான்கும் சுவர் ஓரமாக உள்ள ஒரே வரிசை. நடு வரிசையில் கம்ப்யூட்டர்கள் ஓடிக் கொண்டிருந்தன, மேலே இருந்த டியூப் லைட் மட்டும் ஒரு கணம் மங்கியதாகச் சொன்னார். ஜன்னல் ஓர வரிசையில் ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த முறை கம்ப்ரசர் முனகியபோதும் அதே நான்கு.

வைரஸுக்கு வரிசை பார்த்து உட்காரத் தெரியாது. அந்த வரிசைகளை வயரிங் செய்தவர் யார் என்று விசாரித்தபோது, வந்திருந்த அண்ணனே சிரித்தார். "நான்தான் தம்பி போட்டேன். வரிசைக்கு ஒரு ஃபேஸா பிரிச்சு விட்டிருக்கேன். நடு வரிசை ஆர், ஜன்னல் ஓரம் ஒய், சுவர் ஓரம் பி." ஆர், ஒய், பி என்பவை சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸ்களுக்கும் மின்பணியாளர்கள் வைத்திருக்கும் பெயர்கள்.

இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே அளந்தால் அதைப் போல 1.732 மடங்கு, அதாவது சுமார் 400 வோல்ட். மூன்று ஃபேஸ் மோட்டார் சுற்றத் தொடங்க மூன்றும் தேவை. நின்று கொண்டிருக்கும் மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ் மட்டும் போனால் அது சுற்றாது, முனகும். முனகும்போது வழக்கமாக எடுக்கும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சித்தப்பாவின் ஏசி ஓடும்போது ஒரு ஃபேஸுக்கு 6 ஆம்பியர் எடுக்கக் கூடியது. முனகும்போது முப்பதைத் தாண்டும். அந்த இழுப்பில் அந்த இரண்டு ஃபேஸ்களிலும் வோல்டேஜ் விழும். இரண்டிலும் ஒரே அளவு விழாது, ஒன்றில் அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் விழும். இழுக்கப்படாத மூன்றாவது ஃபேஸுக்கு எதுவும் தெரியாது.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மிகச் சிறிய தடங்கலைத்தான் தாங்கும். முழு லோடில் மின்சாரம் நின்று போனால் ஏறக்குறைய 16 மில்லி விநாடி வரை சமாளிக்கும் என்பதுதான் பொதுவான கணக்கு. நம் மின்சாரத்தின் ஒரு அலையே 20 மில்லி விநாடி. சித்திரை மாதத்தில் ஏற்கெனவே குறைந்து போயிருக்கும் வோல்டேஜ், சில விநாடிகள் இன்னும் கீழே விழுந்தால், கம்ப்யூட்டர் கையை விரித்து விடும்.

சுவர் ஓரம் பலமாக அடி, நடு வரிசையில் லேசான மங்கல், ஜன்னல் ஓரம் நிம்மதி. ஆக, பி-யும் ஆர்-உம் கம்ப்ரசருக்குப் போகின்றன, ஒய் போகவில்லை. மீட்டரை வெளியே எடுக்கும் முன்பே இதை கம்ப்யூட்டர்கள் சொல்லி விட்டன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அண்ணன் மட்டும் "அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார்.

மீட்டர் சொன்னது

முதலில் வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐசோலேட்டர் சுவிட்சில் அளந்தார். ஃபேஸ்களுக்கு நடுவே 402, 398, 405. சராசரியில் இருந்து ஒரு சதவீதம் கூட விலகவில்லை. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு இந்த விலகல் 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. மூன்றரை சதவீதம் விலகினாலே மோட்டாரின் சூடு கால் பங்கு கூடிவிடும். ஆக, மின்வாரியத்தின் மேல் குறை இல்லை. கான்டாக்டருக்கு உள்ளே வரும் பக்கத்திலும் இதே அளவுகள். ஃபேஸ் ரிலேயில் பச்சை விளக்கு.

அந்தப் பச்சை விளக்குதான் முதல் மெக்கானிக்கை ஏமாற்றியிருக்கிறது. ஃபேஸ் ரிலே, கான்டாக்டருக்கு முன்னால் வரும் மின்சாரத்தைத்தான் பார்க்கிறது. வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் ஒருவர் காணாமல் போனால் அவருக்குத் தெரியாது.

அடுத்து, கம்ப்ரசர் முனகும் அந்தச் சில விநாடிகளுக்குள், கான்டாக்டரின் ஒவ்வொரு முனைக்கும் குறுக்கே மீட்டரை வைத்தார். அதாவது ஒரு முனை உள்ளே வரும் திருகில், இன்னொரு முனை வெளியே போகும் திருகில். மூடிய கதவுக்கு இரு பக்கமும் ஒரே மின்சாரம் இருந்தால் வித்தியாசம் பூஜ்யம். ஆர் முனையில் கிட்டத்தட்ட பூஜ்யம். பி முனையிலும் அப்படியே. ஒய் முனையில் 340 வோல்ட்!

340 ஏன்? 230 தானே வர வேண்டும் என்று கேட்டேன். நோட்டில் வரைந்து பார்த்தபோது புரிந்தது. ஆர், பி இரண்டும் மோட்டாருக்குள் போய், சுருள் வழியாக மூன்றாவது முனையிலும் ஒரு வோல்டேஜை உண்டாக்குகின்றன. அது ஆர்-க்கும் பி-க்கும் நட்ட நடுவில் நிற்கும். அங்கிருந்து உண்மையான ஒய் ஃபேஸ் 230-ஐப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில், அதாவது 345 வோல்ட் தள்ளி இருக்கிறது. இதனால்தான் அறுந்த ஃபேஸிலும் மீட்டர் பூஜ்யம் காட்டாது. வெளியே போகும் பக்கத்தில் ஆர்-ஒய் அளந்தால் 200-க்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண் வரும். புதியவர்கள் "கரண்ட் வருதே, கொஞ்சம் லோ வோல்டேஜ்" என்று போய் விடுவார்கள்.

பிறகு ஐசோலேட்டரை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை மீண்டும் அளந்து உறுதி செய்து, கம்ப்ரசர் வயர்களைக் கழற்றினார். அது ஆறும் வரை டீ குடிக்கப் போனோம். ஆறும் வரை காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. சூடான கம்ப்ரசரின் உள்ளே இருக்கும் ஓவர்லோட் திறந்திருக்கும். அந்த நேரத்தில் சுருளின் ரெசிஸ்டன்ஸை அளந்தால் மூன்றிலும் மீட்டர் 'திறந்த சர்க்யூட்' என்றே காட்டும். பார்ப்பவருக்கு சுருள் மொத்தமும் எரிந்து போனதாகத் தோன்றும். போன வாரம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த மெக்கானிக் நாலைந்து முறை ஓட்டிப் பார்த்து விட்டு உடனே அளந்திருக்கிறார். மூன்று சுருளும் ஒரே சமயத்தில் அறுந்து போவது அபூர்வம். மூன்றும் திறந்திருப்பதாக மீட்டர் காட்டினால், சில மணி நேரம் பொறுத்து மறுபடி அளக்க வேண்டும்.

டீயும் மதியச் சாப்பாடும் முடிந்து வந்து அளந்தோம். மூன்று ஜோடிகளிலும் ஏறக்குறைய 4 ஓம், மூன்றும் ஒரே மாதிரி. 500 வோல்ட் மெகரில் சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே 100 மெகா ஓமுக்கு மேல். எரிந்த கம்ப்ரசர் இப்படிக் காட்டாது. "முப்பத்தஞ்சாயிரம் மிச்சம்" என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் இன்னும் நம்பவில்லை.

1947-ல் ஒரு பூச்சி, உசிலம்பட்டியில் பல எறும்பு

கான்டாக்டரைக் கழற்றித் திறந்தார் அண்ணன். ஒய் முனையின் இரண்டு வெள்ளிப் பொட்டுகளுக்கும் நடுவே கறுப்பாக ஒரு பசை. உற்றுப் பார்த்தால் எறும்புகள். நசுங்கி, கருகி, அடுக்கடுக்காக ஒட்டிக் கிடந்தன. கான்டாக்டர் 'டக்' என்று இழுக்கிறது. ஆனால் நடுவே எறும்புகள் இருப்பதால் ஒய் முனை மட்டும் ஒட்டவில்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அது ரிலேக்களால் ஆன கம்ப்யூட்டர். ஊழியர்கள் தேடிப் பார்த்தபோது ஒரு ரிலேயின் முனைகளுக்கு நடுவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். அந்தக் குழுவில் வேலை பார்த்த கிரேஸ் ஹாப்பர் பிற்காலத்தில் பல மேடைகளில் இதைச் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார். கோளாறுக்கு 'பக்' என்ற பெயர் அதற்கு முன்பே இன்ஜினியர்களிடம் இருந்ததுதான். ஆனால் நிஜப் பூச்சியே கோளாறாக அமைந்தது அங்கே. அந்தப் பதிவேடு இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் இன்று சாப்ட்வேரில் 'டீபக்' செய்வதாகச் சொல்கிறோம். அண்ணன் அன்று பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்து நிஜமாகவே டீபக் செய்தார்.

எறும்புக்கு அங்கே என்ன வேலை? மழை, வெயில் படாத மூடிய பெட்டி, உள்ளே லேசான சூடு. சில எறும்பு வகைகள் மின்சாரம் தாக்கும்போது ஒரு ரசாயனத்தை வெளிவிடுகின்றன. அதை மோப்பம் பிடித்து மற்றவை கூட்டமாக வருகின்றன. முதல் எறும்பு செத்தால் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் எறும்போடு பல்லியும் எலியும் சேர்ந்து கொள்ளும். பல்லி பெரும்பாலும் சர்க்யூட் போர்டில் விழுந்து ஷார்ட் செய்யும். எலி வயரைக் கடிக்கும்.

சுத்தம் செய்த முனைகளை அண்ணன் திரும்ப மாட்டவில்லை. தீப்பொறி பட்டு அம்மைத் தழும்பு மாதிரி ஆகி விட்டன. சிலர் உப்புத்தாளால் தேய்த்து மாட்டுவார்கள். மேலே இருக்கும் வெள்ளிக் கலவை அதில் போய் விடும், சில மாதத்தில் முனைகள் எரிந்து ஒட்டிக் கொள்ளும். ஒட்டிக் கொண்டால் ரிமோட்டில் அணைத்தாலும் கம்ப்ரசர் நிற்காது. மதுரைக்கு ஆள் அனுப்பி, பெயர்ப்பலகையில் இருந்த அதே ஆம்பியர், அதே 230 வோல்ட் காயில் கொண்ட புதிய கான்டாக்டர் வாங்கி வந்தோம். கம்ப்ரசர் விலையில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை.

வீட்டு ஏசி என்றால்?

உங்கள் வீட்டில் இருப்பது ஒற்றை ஃபேஸ் ஸ்பிளிட் ஏசியாக இருக்கும். அதே முனகல் அங்கேயும் வரும், காரணம் மாறும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது. தொடங்கி வைக்க ஒரு கெபாசிட்டர் வேண்டும். அது பலவீனமானால் கம்ப்ரசர் முனகி நின்று விடும். கெபாசிட்டரின் மேல் 45 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்பது போல அச்சிட்டிருப்பார்கள். மீட்டரில் 38 வந்தால் அது ஓய்வு பெற வேண்டிய கெபாசிட்டர். மேல் மூடி உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம். கம்ப்ரசர் போய் விட்டது என்று யாராவது சொன்னால், "கெபாசிட்டர் அளவு எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

கம்ப்ரசரிலேயே மூன்று முனைகள் இருக்கும், பொது முனை, ரன், ஸ்டார்ட் என்று. பொது முனையில் இருந்து ரன் 2 ஓம், ஸ்டார்ட் 3 ஓம் என்றால், ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே 5 ஓம் வர வேண்டும். கூட்டல் சரியாக வந்தால் சுருள் பெரும்பாலும் நலம். ஏசி போட்டதுமே எம்.சி.பி. விழுந்தால் அது வேறு கதை. ஷார்ட் அல்லது உடலுக்குக் கசிவு இருக்கலாம். திரும்பத் திரும்ப எம்.சி.பி.-யை ஏற்றிப் பார்க்காதீர்கள்.

இப்போது விற்கும் இன்வெர்ட்டர் ஏசிகள் உண்மையில் கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைப் போலவே அவையும் 230 வோல்ட் ஏ.சி.-யை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி.-யாக மாற்றிப் பெரிய கெபாசிட்டர்களில் தேக்கி வைக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே உட்கார்ந்திருக்கும். இரண்டிலும் மூடியைத் திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் ஏசி கோளாறை எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைக் குறித்துக் கொண்ட பிறகே அணையுங்கள். 'தொடர்பு இல்லை' என்ற எண் வந்தால், போர்டை மாற்றும் முன் உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவே உள்ள வயரில் எங்காவது முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டெஸ்டர் சொல்லும் பொய்

நம் வீடுகளில் இருக்கும் ஒரே மின்கருவி டெஸ்டர். விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று நம்புகிறோம். அது வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்லாது. நியூட்ரல் அறுந்திருந்தால் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் எரியும்! ஏதாவது ஒரு சாதனம் ஆனில் இருந்தால் அதன் வழியாக ஃபேஸ் அடுத்த ஓட்டைக்கும் வந்து விடுகிறது.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள கட்டடத்தில் நியூட்ரல் அறுவதுதான் கம்ப்யூட்டருக்கு வரும் பேராபத்து. ஒரு ஃபேஸில் லோடு அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தால், குறைந்த பக்கத்தில் வோல்டேஜ் 300-ஐயும் தாண்டி ஏறலாம். சில அறைகளில் விளக்கு மங்கி, சில அறைகளில் பளிச்சென்று எரிந்தால் யோசிக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து விட்டுத்தான் மற்ற பேச்சு. பிறகு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குப் புகார் சொல்லுங்கள். 2021-ல் இருந்து இயங்கும் சேவை இது.

கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வயரைத்தான் வளையத்துக்குள் விட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்த வயரை விட்டால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் கழிந்து பூஜ்யம் காட்டும். நான் முதல் முறை அப்படித்தான் அளந்து, ஏசி இலவசமாக ஓடுகிறது என்று மகிழ்ந்தேன்.

கம்ப்யூட்டரை எங்கே சொருகுவது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏசி பாயின்ட்டில் இருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கம்ப்யூட்டரை ஓட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வேண்டாம். ஏசிக்கு மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி எம்.சி.பி. இருக்கட்டும். கம்ப்யூட்டருக்கு எர்த் உள்ள மூன்று முனை பிளக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ்.-உம் போதும். அதே யு.பி.எஸ்.-இல் ஏசியைச் சொருகிப் பார்க்கும் ஆசை மட்டும் வரக் கூடாது. மின்சாரம் போய் வந்ததும் ஊரில் உள்ள எல்லா ஏசியும் ஒன்றாகக் கிளம்பும். அந்த நேரத்தில் வோல்டேஜ் தாழ்ந்திருக்கும். மூன்று நிமிடம் பொறுங்கள். ஏசியின் வாயு அழுத்தம் சமமாவதற்கும் அதே நேரம் தேவை.

உங்கள் பங்கு வேலை கண்ணும் காதும்தான். எப்போது நின்றது, என்ன சத்தம், எந்த விளக்கு மங்கியது, எந்தக் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மெக்கானிக் வந்தால் உள்ளே வரும் வோல்டேஜ், கான்டாக்டருக்கு அப்புறம் வோல்டேஜ், ஓடும் ஆம்பியர், கெபாசிட்டர் அளவு, சுருளின் ஓம் ஆகியவற்றையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அளக்காமல் பொருளை மாற்றுபவரைவிட, அளந்து விட்டு "நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்பவர் மேல்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதிய கான்டாக்டர் போட்டு ஏசியை ஓட்டினோம். கிளாம்ப் மீட்டரில் 5.7, 5.9, 5.8. கம்ப்யூட்டர்கள் பன்னிரண்டும் ஓடிக் கொண்டிருந்தன. வயர் நுழையும் ஓட்டையை அண்ணன் எம்-சீல் வைத்து அடைத்தார். யு.பி.எஸ்.-க்கு அடுத்த மாதம் பேட்டரி போடுவதாகச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். பழைய கான்டாக்டரை அவர் தூக்கிப் போடவில்லை. ஹார்டுவேர் வகுப்பில் பையன்களுக்குக் காட்ட, எறும்புகளோடு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மேஜையில் வைத்திருக்கிறார்.